நாலாம் வரிசை

விடியலின் சாம்பல் வெளிச்சத்தில் முத்துப்பேச்சி ஒரு வெள்ளை அம்பாசடர் காருக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து நின்றாள். காரைக் கையால் தள்ளுகிறவள் ஒரு வாரம் தாங்கமாட்டாள், மணிக்கட்டு விட்டுப்போகும். திரும்பி நின்று, டிக்கியின் மேல் முதுகை அண்டக் கொடுத்து, குதிகாலை மண்ணில் ஊன்றி உந்த வேண்டும். ராத்திரி பெய்த மழையில் மண் களியாகக் கிடந்தது. ஊன்றிய கால் வழுக்கிக்கொண்டே போனது. தகரத்தின் குளிர் ரவிக்கையைத் தாண்டி முதுகெலும்பில் இறங்கியது.

பக்கத்தில் வீரணனும் அதேபோல் முதுகைக் கொடுத்திருந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். தலையில் கட்டிய துண்டிலிருந்து தூறல் சொட்டிக்கொண்டிருந்தது. "ம்" என்றார். அந்த ஒற்றை முனகல்தான் அவர்களுக்குள் பேச்சு. இருவரும் ஒரே மூச்சில் உந்தினார்கள். கார் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு மெல்ல உருண்டு வரிசையில் போய் நின்றது. கோட்டயத்திலிருந்து ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்த கார். அதற்குள்ளே டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். அவனை எழுப்பாமலே நகர்த்தியாயிற்று.

அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. காதர்பேட்டைப் பனியன் சந்தையின் தெருக்கள் மாட்டுவண்டியில் துணிப்பொதி வந்த காலத்தில் போட்டவை. அதே தெருக்களுக்குள் இப்போது கேரளத்து வியாபாரியும், ஆந்திரத்து வியாபாரியும், வங்கிக் கடனில் புதுக்கார் எடுத்த ஏற்றுமதிக்காரரும், குடும்பத்தோடு துணி எடுக்க வந்தவரும் ஒரே நேரத்தில் நுழைந்தார்கள். காரை ஓட்டி வருவது எளிது. நிறுத்துவதற்குத்தான் இடம் இல்லை. ஒரே கார் மூன்று முறை சுற்றி வருவதை முத்துப்பேச்சி பார்த்திருக்கிறாள். முதல் சுற்றில் ஓட்டுகிறவர் முகத்தில் எரிச்சல் இருக்கும். மூன்றாம் சுற்றில் கெஞ்சல் வந்துவிடும்.

அப்படிச் சுற்றிச் சலித்தவர்கள் கடைசியில் வந்து சேருமிடம் சந்தைக்குப் பின்னால் இருந்த ஆறுமுகசாமியின் காலி இடம். முன்பு பஞ்சுக் கிடங்காக இருந்து இடிக்கப்பட்டது. மூன்று பக்கம் மதில், ஒரு பக்கம் தகரக் கதவு. தறிகளை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார் ஆறுமுகசாமி. கதவோரம் ஒரு தகரக் கூண்டு. அதற்குள் அவரும், மாலை போட்ட முருகன் படமும், டோக்கன் புத்தகமும். வெளியே வெயிலிலும் மழையிலும் நான்கு பேர். வீரணன், முத்துப்பேச்சி, ராஜ்கமல், பழனியம்மாள்.

இடம் சிறிது. வந்த காரை எல்லாம் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று வரிசை அடைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுவிட்டு உரியவர் போய்விடுவார். உள்வரிசைக் கார் வெளியே போக வேண்டுமானால் முன்வரிசைக் கார்களை இவர்கள் முதுகால் நகர்த்தி வழிவிட வேண்டும். காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை இதே வேலை. வெயில் ஏறினால் அதே தகரம் தோசைக்கல்லாகும். பழனியம்மாள் முந்தானையை நாலாக மடித்து முதுகில் போட்டுக்கொள்வாள்.

முத்துப்பேச்சி கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷனோடு பிழைக்க வந்தவள். அவன் சாயப்பட்டறையில் வேலை பார்த்து, ஒரு மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள். துணியில் எண்ணெய்க்கறை, ஓட்டை, விட்டுப்போன தையல் எல்லாவற்றையும் கண்ணால் துழாவி எடுக்கிற வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் எட்டு வருஷம் பார்த்த கண் மங்கிப்போனது. இரண்டு தடவை கறைபட்ட பனியனை நல்ல பனியன் கட்டோடு சேர்த்துவிட்டாள். மூன்றாவது தடவை சூப்பர்வைசர் அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான். மகள் நதியா மடத்துக்குளம் பக்கத்தில் ஒரு நூல்மில் விடுதியில் இருந்தாள். மூன்று வருஷம் உள்ளேயே தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவார்கள் என்று புரோக்கர் சொல்லிக் கூட்டிப்போன வேலை. ஞாயிற்றுக்கிழமை வார்டன் அறைக்குப் போன் போட்டுப் பேசலாம். வார்டன் பக்கத்திலேயே நிற்பாளோ என்னவோ, நதியா எதைக் கேட்டாலும் "நல்லாருக்கேன்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு பேர் முத்துப்பேச்சியைக் கடந்து போனார்கள். ஒருவர் முகமும் அவளைப் பார்த்துத் திரும்பியதில்லை. கண்ணாடி ரெண்டு விரல்கடை இறங்கும். அந்த இடுக்கில் ஒரு கை நோட்டை நீட்டும். தீபாவளிக்கென்று ஆறுமுகசாமி கட்டணத்தை ஏற்றியபோது அதே இடுக்கிலிருந்து வசவு வந்தது. கொள்ளைக்காரி என்றார்கள். ஏற்றிய காசில் ஒரு பைசா அவளுக்கு வராது என்று யாரிடம் போய்ச் சொல்வது? "லெஃப்ட்ல ஒடிங்க", "வரட்டும் வரட்டும்", "நியூட்ரல்ல விடுங்க". இதைத் தவிர நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வேறு சொல் வராது. வீரபாண்டிப் பிரிவுக்குப் பக்கத்து லைன் வீட்டுக்குத் திரும்பினால் அதுவும் இல்லை. சில நாள் சோறு வடிக்கும்போது தானாக "வரட்டும் வரட்டும்" என்று சொல்லிக்கொள்வாள். தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிடுவாள்.

ஆறுமுகசாமி கெட்ட வார்த்தை பேசாதவர். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார். கார்த்திகை தவறாமல் மலைக்குப் போகிறவர். கூட்டம் அதிகமான ஒரு காலையில் அவர் கூண்டிலிருந்து எழுந்துவந்து, மூன்றாம் வரிசைக்கும் பின்மதிலுக்கும் நடுவே கிடந்த மண்ணைக் காட்டினார். அங்கே தரை மதிலை நோக்கிச் சரிந்து இறங்கும். மழைத் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும்.

"இத்தன எடத்த சும்மா விட்டு வச்சிருக்கறமுங்களே" என்றார். "நாலாவதா ஒரு வரிசை போட்டுருங்க."

சரிவில் நியூட்ரலில் விட்ட கார் நிற்காது என்று வீரணன் சொன்னார். அவர் அத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி முத்துப்பேச்சி கேட்டது அதுதான் முதல் தடவை. சரளைக் கல் அடித்துச் சமதளமாக்கினால் போடலாம் என்றும் சொன்னார். தீபாவளி கழியட்டும் என்றார் ஆறுமுகசாமி. அதுவரை சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துக்கொள்ளச் சொன்னார். முருகன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பினார்.

அன்றிலிருந்து நாலாம் வரிசை வந்தது. அந்த வரிசையில் காரைத் தள்ளிவிட்டால் போதாது. அது மதிலில் போய் மோதாமல் பிடிக்கவும் வேண்டும். ஒருவர் மதில்பக்கம் இறங்கி நின்று, கார் உருண்டு வரும்போது முன்சக்கரத்துக்குக் கல் கொடுப்பார். அந்த இடத்தில் வேறு யாரையும் நிற்க வீரணன் விடவில்லை. பழனியம்மாள் ஒருமுறை போனபோது, "நீ மேல போ தாயி" என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

அது ஒரு மத்தியான வேளை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. பெரிய நீலநிற கார் ஒன்று நாலாம் வரிசைக்கு வந்தது. அதன் சொந்தக்காரர் அவசரமாக இறங்கி, பூட்டி, சாவியைச் சுழற்றிக்கொண்டு போனார். வீரணன் குனிந்து கல்லை வைத்துக்கொண்டிருந்தார். களிமண்ணில் கல் அமுங்கியதா, வழுக்கியதா என்று யாரும் பார்க்கவில்லை. கார் சத்தமில்லாமல் நகர்ந்தது. முத்துப்பேச்சி திரும்பியபோது வீரணனின் துண்டு கட்டிய தலை மட்டும்தான் பானட்டுக்கு மேல் தெரிந்தது. அவர் கத்தவில்லை. "ம்" என்றார்.

அவள் பாய்ந்து இறங்கி மதிலுக்கும் காருக்கும் நடுவில் கையைக் கொடுத்துத் தள்ளினாள். ராஜ்கமல் பக்கவாட்டில் பிடித்து இழுத்தான். பூட்டிய கார், மேட்டை நோக்கி ஒரு சாண்கூட நகரவில்லை. பழனியம்மாளின் சத்தம் கேட்டு நிழலில் உட்கார்ந்திருந்த டிரைவர்கள் ஓடிவந்தார்கள். அழகுமலை என்ற டிரைவர் ஒரு ஏற்றுமதிக்காரரின் வண்டி ஓட்டுகிறவர். தன் காரின் டிக்கியிலிருந்து கயிற்றை எடுத்துவந்து, நீலக்காரின் பின்னால் கட்டித் தன் காரால் இழுத்தார். மதிலோடு ஒட்டியிருந்த வீரணன் அப்படியே சரிந்து முத்துப்பேச்சியின் தோளில் விழுந்தார். இடுப்புக்குக் கீழே கால்கள் அவருடையவையாக இல்லை. வேறு யாரோ கழற்றி வைத்ததுபோலத் திரும்பிக் கிடந்தன.

அரசு ஆஸ்பத்திரிக்கு அழகுமலையின் காரிலேயே கொண்டுபோனார்கள். இடுப்பெலும்பு முறிந்திருப்பதாகவும் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்கள். நர்ஸ் முத்துப்பேச்சியைப் பார்த்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

வீரணனுக்கு ஊர் எது என்று முத்துப்பேச்சிக்குத் தெரியாது. பேச்சை வைத்து உசிலம்பட்டிப் பக்கமாக இருக்கலாம் என்று தோன்றியது. பெண்டாட்டி இருக்கிறாளா, பிள்ளைகள் உண்டா, ராத்திரி எங்கே படுக்கிறார் எதுவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பாரம் ஏறும்போது அவர் மூச்சு எங்கே நிற்கும், எங்கே விடும் என்பதுதான். ஒன்றரை வருஷம் அந்த மூச்சோடு சேர்ந்து மூச்சு விட்டிருக்கிறாள்.

"கூட வேல பாக்கேன்" என்றாள்.

"சொந்தக்காரங்க இல்லையா?"

"கூட வேல பாக்கேன்மா" என்று மறுபடியும் சொன்னாள். நர்ஸுக்கு அது போதவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

சாயங்காலம் ஆறுமுகசாமி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். வராந்தாவில் அவளைத் தனியாக அழைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. அது வேஷம் என்று முத்துப்பேச்சி நினைக்கவில்லை. போலீஸ் வந்து விசாரிப்பார்கள் என்றார். வீரணன் தன்னிடம் வேலை செய்யவில்லை, நிழலுக்கு வந்து உட்கார்ந்திருந்தவர், யாரோ கார்க்காரர் கொடுக்கிற சில்லறைக்காகக் கல் வைக்கப் போனார் என்று சொல்லிவிட வேண்டும் என்றார். இல்லையென்றால் இடத்தையே மூடச் சொல்லிவிடுவார்கள், எல்லோர் பிழைப்பும் போய்விடும் என்றார்.

"உங்களுக்கும் வயசாவுதுங்க அம்மிணி. எத்தன நாளைக்கு இப்பிடித் தள்ளுவீங்க? நாளையிலருந்து கூண்டுல உக்காந்து டோக்கன் கிழிங்க. சேர் போட்டுத் தர்றனுங்க."

அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாத ஆட்டம். அவர் சரி என்று எடுத்துக்கொண்டு போனார்.

லைன் வீட்டில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீடுகளில் டி.வி. ஓடியது, குக்கர் விசிலடித்தது. சேரைப் பற்றி நினைத்தாள். நிழல். முதுகுவலி இல்லாமல் படுக்கலாம். இதில் என்ன தப்பு என்று ஒரு மனசு கேட்டது. வீரணனுக்கு யாரும் இல்லை. இருந்தாலும் இந்த ஊரில் இல்லை. அவரை யாருமில்லாத ஆள் என்று சொல்வது பொய்கூட ஆகாது. அப்படி நினைத்தபோதுதான் தன்னை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். நாளை இவள் மதிலோரம் விழுந்தால் இவளையும் நிழலுக்கு வந்து உட்கார்ந்தவள் என்பார்கள். அதை இல்லையென்று சொல்ல யார் இருக்கிறார்கள்? நதியாவுக்குச் செய்தி போகவே ஞாயிற்றுக்கிழமை ஆகும். இருட்டில் அடுப்பைப் பற்ற வைக்காமல் அப்படியே இருந்தாள். எழுந்து, இரண்டு தெரு தள்ளிப் பழனியம்மாள் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள். எத்தனையோ மாதம் கூட வேலை பார்த்தவளின் வீட்டு வாசலுக்கு அன்றுதான் முதன்முதலாகப் போகிறாள்.

ஆறுமுகசாமி சொல்லச் சொன்ன பொய்யைச் சொல்லக் கூடாது, எதிர்த்து நிற்க வேண்டும் என்று கேட்டதும் பழனியம்மாள் பயந்தாள். புருஷன் குடிகாரன், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். "நாம மூணு பேரு என்னங்கக்கா பண்றது? அவருக்கு ஆளுக்கா பஞ்சம்?" என்றாள். முத்துப்பேச்சி அவளை வற்புறுத்தவில்லை. சேர் தருவதாக அவர் சொன்னதை மட்டும் சொன்னாள். பழனியம்மாள் உள்ளே போய் ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். "சாப்புடுங்க மொதல்ல" என்றாள்.

மறுநாள் காலை மூன்று வரிசையும் சீக்கிரமே நிறைந்துவிட்டன. பின்மதிலில் வீரணன் சாய்ந்த இடத்தில் படிந்திருந்த செம்மண் உரிந்து சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு நின்ற காருக்கு ஆறுமுகசாமி கூண்டிலிருந்தே கையைக் காட்டினார், பின்னால் கொண்டுபோங்கள் என்று. முத்துப்பேச்சி நகரவில்லை. அவர் இறங்கி வந்தார்.

"என்னாச்சுங்க அம்மிணி? காரு ரோட்டுல நிக்குது பாருங்க."

"நாலாம் வரிசை போட மாட்டோம், மொதலாளி."

"போட மாட்டோம்னா? யாரெல்லாமுங்க அது?"

முத்துப்பேச்சி திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து, யாரும் இல்லையென்றால் காரைத் தள்ளப் போய்விடுவோம் என்று பயந்தாள். பின்னால் களிமண்ணில் செருப்பு சத்தம் கேட்டது. ராஜ்கமல் வந்து இடதுபக்கம் நின்றான். இருபத்தைந்து வயதுக்காரன், நிட்டிங் மெஷினில் விரல் நுனி போனதால் இந்த வேலைக்கு வந்தவன். கொஞ்சம் பொறுத்து வலதுபக்கம் பழனியம்மாள் வந்தாள். அவள் தோள் முத்துப்பேச்சியின் தோளில் உரசியது.

"வீரணன் அண்ணன் உங்ககிட்ட வேல பாத்தாகன்னு ஒத்துக்கிடுங்க" என்றாள் முத்துப்பேச்சி. "ஆசுபத்திரிச் செலவ நீங்க பாருங்க. அந்தச் சரிவுக்குச் சரளை அடிச்சுத் தளம் போடுங்க. அதுக்கப்புறம் நாலு என்ன, அஞ்சு வரிசை போடுதோம்."

ஆறுமுகசாமி சிரித்தார். கோபம் வரவில்லை என்று காட்டுகிற சிரிப்பு. "நானென்ன மில்லு நடத்தறனுங்களா? இது ஒரு காலி எடம். நாலு பேரு வந்து நிக்கறீங்க, ஏதோ என்னால ஆனத குடுக்கறேன். ஆளு, வேலை, செலவுன்னு பெரிய பேச்செல்லாம் எதுக்குங்க?"

"அப்பொ நாங்க யாரு மொதலாளி?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்தே சேர் போடறேன்னு சொன்னனுங்களே" என்றார்.

"அந்தச் சேரு எனக்கு வேண்டாம்."

இதற்குள் மூன்றாம் வரிசையிலிருந்த ஒரு காரை எடுக்க அதன் சொந்தக்காரர் வந்துவிட்டார். முன்வரிசைகளை நகர்த்தினால்தான் அது வெளியே வரும். ஆறுமுகசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு காரில் கையை வைத்துத் தள்ளினார். கார் அசைந்து, பழைய இடத்துக்கே வந்தது. மூச்சு வாங்க, மரத்தடியில் உட்கார்ந்திருந்த டிரைவர்களை ஒரு கை கொடுக்கச் சொன்னார்.

அழகுமலை பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "அந்தப் பெரியவர நாந்தானுங்க தூக்கிட்டுப் போனேன். என்ற காரு சீட்டுல இன்னும் ரத்தக்கறை போகல. தள்ள மாட்டனுங்க" என்றார். மற்ற டிரைவர்களும் எழுந்திருக்கவில்லை.

தெரு அடைத்துக்கொண்டது. ஹாரன் சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. ஏட்டு ஒருவர் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். ஆறுமுகசாமி அவரிடம் பணிவாக, இவர்கள் தன் ஆட்களே இல்லை, வெளியேற்றிவிடுங்கள் என்றார். ஏட்டு முத்துப்பேச்சியைப் பார்த்தார். நேற்று அடிபட்டவர் யார் என்று கேட்டார். அவள் சொன்னாள். ஒன்றரை வருஷமாக இங்கே கார் தள்ளியவர் என்றாள். இந்தச் சரிவில் போட வேண்டாம் என்று சொன்னவர் என்றாள். சொன்ன பிறகும் போடச் சொன்னவர் இவர் என்று கையை நீட்டிக் காட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை. ராஜ்கமலும் பழனியம்மாளும் ஆமாம் என்றார்கள். அழகுமலையும் வந்து ஆமாம் என்றார். ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, முதலில் தெருவைக் காலி பண்ணுங்கள் என்று ஏட்டு எரிந்து விழுந்தார்.

அடைபட்ட கார் ஒன்றில் கைக்குழந்தையோடு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். பழனியம்மாள்தான் முதலில் மனம் இளகினாள். உள்ளே இருக்கிறவர்கள் மேல் நமக்கென்ன பகை என்றாள். மூவரும் பேசி முடிவெடுத்தார்கள். உள்ளே இருக்கும் கார்களை வெளியே விடுவது, புதிதாக ஒன்றும் உள்ளே விடுவதில்லை. ஆறுமுகசாமி அவர்கள் பணிந்துபோனதாக நினைத்துக் கூண்டுக்குள் போய் உட்கார்ந்தார். மத்தியானத்துக்குள் இடம் காலியாகிவிட்டது. அந்த மண்ணை முழுசாக, வெறுமையாக முத்துப்பேச்சி பார்த்தது அன்றுதான். இத்தனை சின்ன இடமா என்றிருந்தது. புதிதாக ஒரு டோக்கனும் கிழியவில்லை என்று ஆறுமுகசாமி அப்போதுதான் புரிந்துகொண்டார். கூண்டைப் பூட்டிவிட்டு, "நாளைக்கு நானும் பாக்கறனுங்க" என்று சொல்லிப் போனார்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து மூவரும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினார்கள். பெரியாஸ்பத்திரியில் வீரணன் காலில் மணல்மூட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். துண்டு இல்லாத அவர் தலையை அவர்கள் பார்த்ததே இல்லை; நடுவில் வழுக்கை விழுந்து, பார்க்க வேறு ஆளாக இருந்தார். இவர்களைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தார்.

"நாலாம் வரிச போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. போட மாட்டோம்னு நின்னுட்டோம்" என்றாள் முத்துப்பேச்சி.

அவர் தனக்குச் செக்கானூரணியில் ஒரு தங்கச்சி இருக்கிறாள், பெயர் சுப்புலட்சுமி என்று, கேட்காமலே சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது ராஜ்கமல் தன் ஊரைப் பற்றிப் பேசினான். பழனியம்மாள் தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள். முத்துப்பேச்சி நதியாவைப் பற்றிச் சொன்னாள். வார்டன் பக்கத்தில் நிற்கிறாளோ என்ற சந்தேகத்தையும் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக மில் வாசலுக்கே போய்ப் பார்க்கலாம் என்றான் ராஜ்கமல், ரொம்ப சாதாரணமாக. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் விடியலில் தகரக் கதவில் புதுப்பூட்டுத் தொங்கியது. கதவுக்கு முன்னால் ஒரு வேனிலிருந்து ஐந்து பேர் இறங்கி நின்றார்கள். ஒடிசலான வடநாட்டுப் பையன்கள். தோளில் துணிப்பை, கண்ணில் தூக்கம். ஆறுமுகசாமி பூட்டைத் திறந்துகொண்டே முத்துப்பேச்சியிடம், "உங்களுக்குச் சிரமம் வேண்டாமுங்க. ஆளு வந்துட்டாங்க" என்றார்.

பழனியம்மாள் புடவை நுனியால் வாயை மூடிக்கொண்டாள். ராஜ்கமல் முஷ்டியை மடக்கினான். முத்துப்பேச்சி அவன் கையைப் பிடித்து இறக்கினாள். அந்தப் பையன்களில் ஒருவனுக்கு நதியா வயதுதான் இருக்கும். வந்து இறங்கிய ஊரின் பெயராவது அவனுக்குத் தெரியுமோ என்னவோ. அவள் அவனை நோக்கிப் போனாள்.

"வா" என்று கையைக் காட்டி, ஆறுமுகசாமி பார்த்துக்கொண்டிருக்கவே அவர்களைப் பின்மதிலுக்குக் கூட்டிப்போனாள். சரிவைக் காட்டினாள். உரிந்த மதிலைக் காட்டினாள். கல்லை எடுத்து வைத்து, காலால் உதைத்து, அது வழுக்குவதைக் காட்டினாள். தன் இடுப்பைத் தொட்டுக் கையை இரண்டாக ஒடித்துக் காட்டினாள். ராஜ்கமல் நிட்டிங் கம்பெனியில் கற்ற அரைகுறை இந்தியில், "காடி நீச்சே ஆயா. ஆத்மி தப் கயா. மாலிக் போல்தா, ஹமாரா ஆத்மி நஹி" என்றான். வண்டி இறங்கி ஆள் நசுங்கிப்போனார், முதலாளி எங்கள் ஆளே இல்லை என்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மூத்தவனாகத் தெரிந்தவன் மதிலை விரலால் தடவிப் பார்த்தான். ஆறுமுகசாமி அவசரப்படுத்தினார். வெளியே முதல் கார் ஹாரன் அடித்தது. இரண்டு பேர் தயங்கித் தயங்கிக் காரை நோக்கிப் போனார்கள். மூத்தவன் போகவில்லை. "நஹி" என்றான், மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல். பையை இறக்கிவைத்தான். அவனோடு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

முத்துப்பேச்சி கதவுக்கு வெளியே மதிலோரம் போய்த் தரையில் உட்கார்ந்தாள். பழனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தப் பையன்கள் மூவரும் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள். தெருவில் கார்கள் சேர ஆரம்பித்தன. காரை நடுத்தெருவிலேயே அணைத்துவிட்டு அழகுமலை இறங்கி வந்தார். அவர் முதலாளி போனில் கத்துவது கொஞ்சதூரத்துக்குக் கேட்டது. போனைப் பையில் போட்டுக்கொண்டார். இன்று யார் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று ராஜ்கமல் கேட்டான். தான் போவதாகப் பழனியம்மாள் சொன்னாள்.

தூறல் மறுபடியும் விழத் தொடங்கியது. முத்துப்பேச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். காரை விட்டு இறங்கி இவர்களை நோக்கி வருகிற டிரைவர்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். "இன்னும் ஆளு வருது."